விழாதவனை அடித்தவன்

வண்ணார்பேட்டைக் கல்யாண மண்டபத்தில்
முகூர்த்தம் இல்லாத ஞாயிறு.
வெள்ளிக்கிழமைக் கல்யாணத்து வாழைமரம்
வாசலில் தலை தொங்கி நின்றது.
மணமேடைக்கு முன்னால் கம்பிக் கூண்டு.
ஐந்து நிமிடம், மூன்று சுற்று.
எதிரே மாசானம்,
காவல்கிணற்றில் காற்றாலை ஏறுகிறவன்.

முதல் சுற்றிலேயே என் இடது கை
அவன் தாடையைக் கண்டுபிடித்துவிட்டது.
பிறகு தெரிந்த வீட்டுக்குப் போவதுபோல
போய்ப் போய் வந்தது.
விலாவில் முழங்கால். தொடையில் கணைக்கால்.
கீழே தள்ளி மேலே உட்கார்ந்து
முழங்கையால் நெற்றியைத் தட்டினேன்,
உள்ளே ஆள் இருக்கிறதா என்று.

எழுந்தான்.
வாய்க்காப்பை நாக்கால் சரிசெய்துகொண்டு
இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தான்.

அவன் நல்ல கறுப்பு. அடி அதில் எழுதாது.
நான் வெளுத்த தோல்.
அவன் போட்ட மூன்றே குத்து
கன்னத்தில் சிவந்து வீங்கி
கடைசி வரிசைக்கும் தெரிந்தது.
இரண்டாம் சுற்றில் பின்னாலிருந்து ஒரு குரல்:
"லே, அவனுக்கு ஒண்ணும் ஆவல,
அடிக்கவன்தாம்ல தளந்துட்டான்!"
அதற்கப்புறம் மண்டபமே
அந்த ஒருத்தன் கண்ணால் பார்த்தது.
நான் அடித்தால் அவன் தாங்கினான்.
அவன் அடித்தால் நான் வாங்கினேன்.
முதலெழுத்துதான் வேறு.

நடுவர் மூன்று பேரும் எனக்கே போட்டார்கள்,
முப்பதுக்கு இருபத்தேழு.
என் கையைத் தூக்கியபோது
விசில் அவனுக்கு.
சின்னப் பையன் ஒருத்தன் என்னை விலக்கிக்கொண்டு போய்
கோயில் யானையைத் தொடுவதுபோல
அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ராத்திரி வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில்
டீக்கடைக்காரர் போனில் அந்த வீடியோ.
தொப்பிக்குள் இருந்த என்னைத் தெரியாமல்
எனக்கே காட்டினார்.
"அடியில வெயிட்டு இல்ல தம்பி.
இருந்தா அவன் நிப்பானா?"
இடது கை பாக்கெட்டுக்குள்
பணியாரம்போல உப்பியிருந்தது.

போன மாசியில் தென்காசியில்
இதே கை, இதே குத்து.
நாற்பதாவது நொடியில் ஒருத்தன் சரிந்தான்.
அன்றைக்கு என் பேர் இடி.
எடை குறைக்க இரண்டு நாள்
தண்ணீர் குடிக்காமல் வந்தவன் அவன் என்பது
அவனுக்கும் எனக்கும் தெரியும்.

திங்கள் காலை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி.
வரிசையில் எனக்கு முன்னால் மாசானம்.
பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தான்.
"கை என்னாச்சு?"
"ஒடஞ்சிருக்கும்னு நெனைக்கேன்."
"எந்தலையிலயா?"
"பெறவு?"
சிரித்தோம்.
அவன் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது.
நாளைக்கு டூட்டி என்றான்,
எண்பது மீட்டர் ஏறணும், கையெழுத்து வாங்கிட்டா போதும்.
டோக்கனைப் பார்த்தான். மடித்தான்.
பிரித்து மறுபடி பார்த்தான்.
நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டைக் கூப்பிட்டபோதே எழுந்து
வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

உள்ளே பயிற்சி டாக்டர், சின்னப் பெண்.
அவளும் பார்த்திருக்கிறாள்.
"நீங்கதானா அது! ஒண்ணுமே ஆகலையே உங்களுக்கு"
என்றபடி பேனாவைத் திறந்தாள்.
தலைவலி? இல்ல.
வாந்தி? இல்ல.
"இன்னைக்கு என்ன கிழமை?"

மாசானம் அடுத்த ஸ்டூலில் இருந்த என்னைப் பார்த்தான்,
பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்ப்பதுபோல.
உதட்டை அசைத்தால் போதும், திங்கள் என்று.

"டாக்டர், அவருக்கு நல்லா விழுந்திருக்கு" என்றேன்.
"நாந்தான் அடிச்சேன்.
எண்ணிக்கிட்டேதான் அடிச்சேன். நூத்துக்கு மேல."

பதினைந்து நிமிடக் கூண்டுக்குள்
ஒருதரம்கூட அவன் என்னை
அப்படிப் பார்க்கவில்லை.
"இவம் பேச்சக் கேக்காதிய" என்றான்.
"இவன் அடியில ஒண்ணுமில்லன்னு
ஊரே சொல்லுது."